டிபிடியா, சிபிடியா, மாத்திரையா: கொந்தளிக்கும் மனதுக்கு எந்தச் சிகிச்சை?

மனநல மருத்துவர் சீட்டின் கடைசி வரியில் ‘டிபிடி’ (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். வீட்டுக்கு வந்து தேடினால் சிபிடி (காக்னிடிவ் பிஹேவியர் தெரபி), ஸ்கீமா, எம்பிடி (மென்டலைசேஷன் பேஸ்டு ட்ரீட்மென்ட்) என்று பேச்சுவழிச் சிகிச்சைகள் வரிசையாக வருகின்றன. உறவில் ஒருவர், “மாத்திரை போட்டா சரியாயிடும், பேசிப் பேசி காசு புடுங்குவாங்க” என்கிறார். இன்னொருவர், “மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம், அதுக்கே அடிமையாக்கிடும்” என்கிறார். எதற்குப் பணம் கட்டுவது, எதற்கு ஓராண்டை ஒதுக்குவது என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சின்னச் சொல்லுக்கு மனம் வெடித்து, அடங்கப் பல மணி நேரம் ஆகிறவர். இன்று தலையில் தூக்கிவைத்து ஆடிய தோழியை நாளைக்கே முகத்தில் முழிக்கக் கூடாது என்பவர். கோபத்தில் வேலையை விட்டுவிட்டு மறுநாள் அழுகிறவர். வலி தாங்காமல் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறவர், சாக வேண்டும் என்று அடிக்கடி சொல்கிறவர். இவர்களில் சிலருக்கு ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்’ என்று பெயர் எழுதப்பட்டிருக்கும். பலருக்கு அப்படி எந்தப் பெயரும் இருக்காது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிருக்கு ஆபத்தான நடத்தை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் முழு டிபிடிதான் முதல் தேர்வு. அதற்காக அலைந்தாலும் தகும். அது இல்லாமல் உணர்ச்சிக் கொந்தளிப்பு மட்டும்தான் என்றால் அதில் ஒரு பாதி, அதாவது திறன் வகுப்பு, போதுமானதாக இருக்கலாம். பதற்றமோ மனச்சோர்வோதான் மூலம் என்றால் சாதாரண சிபிடி குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும். போர்டில் எழுதியிருக்கும் சிகிச்சையின் பெயரைவிட, உங்கள் வீட்டில் இப்போது எது அதிக ஆபத்து என்ற கேள்விதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

டிபிடி எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது இது. தற்கொலைக்குத் திரும்பத் திரும்ப முயன்ற பெண்களுக்கு, அப்போது பெயர் வாங்கியிருந்த நடத்தைச் சிகிச்சையைத்தான் அவர் கொடுத்துப் பார்த்தார். ‘இதை மாற்று, அதை மாற்று’ என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு ஆத்திரம் வந்தது. எல்லாக் குற்றமும் என்மேல்தானா என்று கேட்டார்கள், வராமல் நின்றார்கள். சரி, மாற்றத்தையே பேச வேண்டாம், அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டிருப்போம் என்று பார்த்தால், ‘நான் இங்கே நரகத்தில் கிடக்கிறேன், நீங்கள் தலையாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்’ என்ற கோபம் வந்தது. இரண்டையும் ஒரே அமர்வில் மாறி மாறிச் செய்வது என்பதுதான் அவர் கண்ட வழி: உன் வலி நியாயமானது, ஆனாலும் நீ இன்றே ஒன்றை வேறு விதமாகச் செய்ய வேண்டும். ஏற்றுக்கொள்ளும் பாதியை அவர் ஜென் பௌத்தத் தியானப் பயிற்சியிலிருந்து எடுத்தார். 1991-ல் முதல் ஒப்பீட்டு ஆய்வு வந்தது. 1993-ல் சிகிச்சை முறை முழுதும் புத்தகமாக வந்தது.

2011-ல் அவரே ஒன்றை வெளிப்படையாகச் சொன்னார். 17 வயதில், கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் உள்ள ஒரு மனநல மருத்துவமனையில் தானும் நோயாளியாகச் சேர்க்கப்பட்டு, இரண்டாண்டுக்கு மேல் அங்கே இருந்ததாக. தன்னைக் காயப்படுத்திக்கொண்ட ஒரு பெண் பின்னாளில் அதற்கான சிகிச்சையை உருவாக்கியிருக்கிறார் என்பது ஆய்வு முடிவு ஆகாதுதான். ஆனால் ‘இவங்களுக்கு என்ன தெரியும் என் வலி’ என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல நல்ல பதில்.

லினஹனின் விளக்கம் எளிமையானது. சிலர் பிறவியிலேயே உணர்ச்சி சட்டென்று தொற்றி, உயர்ந்து, மெதுவாக இறங்கும் உடல்வாகு கொண்டவர்கள். அவர்கள் வளரும் இடத்தில் அந்த உணர்ச்சிக்கு இடமில்லை என்றால் சிக்கல் தொடங்குகிறது. ‘இதுக்கெல்லாமா அழுவாங்க?’, ‘நடிக்காதே’, ‘உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க இல்லையா?’ இவை கொடூரமான வீட்டில் மட்டும் கேட்கும் சொற்கள் அல்ல. பாசமான வீட்டிலும் தினமும் விழுபவைதான். சாதாரணமாக அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, கத்தினால் மட்டும் எல்லாரும் ஓடிவருகிறார்கள் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. உடல்வாகும் சூழலும் ஒன்றையொன்று தூண்டிவிடுவதைத்தான் இந்த விளக்கம் சொல்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

முழு டிபிடி என்றால் நான்கு பகுதி. வாரம் ஒரு தனி அமர்வு. வாரம் ஒரு குழு வகுப்பு (முன்பு சொன்ன திறன் வகுப்பு இதுதான்), இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். அமர்வுகளுக்கு இடையில் நெருக்கடி வந்தால் போன். நான்காவது நோயாளியின் கண்ணில் படாது: சிகிச்சை அளிப்பவர்களே வாரம் ஒருமுறை கூடி, ஒருவருக்கொருவர் ஆலோசனை சொல்லிக்கொள்ளும் குழு. தற்கொலைப் பேச்சை வாரக்கணக்கில் கேட்கிறவர் பயந்துபோகலாம், கடுப்பாகலாம், சலித்துப்போகலாம். அவரைத் தாங்க ஆள் இல்லை என்றால் சிகிச்சையே கோணலாகிவிடும்.

குழு வகுப்பு என்றதும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சோகத்தைச் சொல்லி அழும் இடம் என்று நினைக்க வேண்டாம். அது டியூஷன் மாதிரி. வீட்டுப்பாடம் உண்டு, பலகை உண்டு, போன வாரம் செய்தாயா என்ற கேள்வி உண்டு. பாடம் நான்கு: நடப்பதைத் தீர்ப்பு சொல்லாமல் கவனிக்கும் மைண்ட்ஃபுல்னெஸ், நெருக்கடியை மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சியை நிர்வகிப்பது, உறவுகளில் கேட்பதும் மறுப்பதும். ஒருமுறை முடிக்க சுமார் 24 வாரம். வழக்கமாக இரண்டு சுற்று, அதனால்தான் ஓராண்டு.

சிலது மிகவும் உடம்பு சார்ந்தது. கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது ‘யோசித்துப் பார்’ என்பது வேலைக்காகாது. ஒரு அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த நீர் எடுத்து, மூச்சைப் பிடித்தபடி முகத்தை 30 விநாடி வரை முக்கச் சொல்வார்கள். நீரில் மூழ்கும்போது இதயத் துடிப்பு குறைவது உடலின் இயல்பான அனிச்சை. அதைப் பயன்படுத்திப் படபடப்பை இறக்குகிற வித்தை இது. இதய நோய் உள்ளவர்களும், உணவுக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. இறங்கிய பிறகுதான் யோசிக்கும் திறன்களுக்கு வேலை. ‘எதிர்ச் செயல்’ என்று ஒன்று: வெட்கத்தில் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது, ஆனால் வெட்கப்பட நியாயமான காரணம் இல்லை என்றால் நிமிர்ந்து வெளியே போவது. கோபத்தில் பாயத் தோன்றினால், குரலைத் தாழ்த்தி அந்த இடத்தை விட்டு நகர்வது.

தனி அமர்வின் உயிர் ‘சங்கிலிப் பகுப்பாய்வு’. ஒரு கற்பனை உதாரணம் தருகிறேன். 23 வயதுப் பெண், சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை, பிஜி விடுதியில் அறை. போன செவ்வாய் இரவு தன்னைக் காயப்படுத்திக்கொண்டாள். ‘ஏன் அப்படிச் செய்தே?’ என்று கேட்டால் ‘தெரியலை, திடீர்னு வந்துச்சு’ என்பாள். திடீரென்று எதுவும் வருவதில்லை என்று வைத்துக்கொண்டு, மணிக்கணக்காகப் பின்னோக்கிப் போவார்கள். முந்தின இரவு மூன்று மணி நேரத் தூக்கம். மதியம் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு மேனேஜர் எல்லார் முன்னாலும் ஒரு சொல். ஆறரைக்குத் தோழிக்கு ஒரு மெசேஜ், இரண்டு நீல டிக், பதில் இல்லை. ‘என்னைக் கழட்டி விட முடிவு பண்ணிட்டா’ என்ற எண்ணம். நெஞ்சு அடைக்கிறது. வரிசையாகப் பதினான்கு அழைப்பு. கடைசியில் தோழி, ‘மீட்டிங்ல இருக்கேன்டி, பைத்தியமா உனக்கு?’ என்கிறாள். அவமானம். அறைக் கதவைச் சாத்துகிறாள். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். அதற்கும் பிறகு நடந்ததையும் விட மாட்டார்கள்: தோழி ஆட்டோ பிடித்து ஓடிவந்து, இரவு முழுக்கக் கூடவே இருந்தாள்.

சிகிச்சையாளர் இதில் ஒவ்வொரு கண்ணியிலும் விரல் வைக்கிறார். மதியச் சாப்பாடு ஒரு கண்ணி, சரிசெய்ய எளிது. நீல டிக் பார்த்ததும் வந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன என்று சரிபார்த்திருக்கலாம். அது இன்னொரு கண்ணி. ஏழாவது அழைப்புக்கு முன் குளிர்ந்த நீர். கடைசிக் கண்ணிதான் நுட்பமானது. காயப்படுத்திக்கொண்டால் அன்பு ஓடிவருகிறது என்று உடம்பு கற்றுக்கொண்டால் அது மறுபடி வரும். அவள் நாடகம் ஆடுகிறாள் என்று யாரும் இதற்கு அர்த்தம் கொள்ளக் கூடாது. அவளுக்கே தெரியாமல் நடக்கும் கற்றல் அது. அதனால் தோழியிடம் ‘முன்னாடியே கூப்பிடுறேன், அப்போ பத்து நிமிஷம் பேசு’ என்று கேட்கக் கற்றுக்கொடுப்பார்கள். டிபிடியின் 24 மணி நேர விதியும் இதே தர்க்கம்தான்: காயப்படுத்திக்கொள்ளும் முன் சிகிச்சையாளரைக் கூப்பிடலாம், செய்துவிட்ட பின் 24 மணி நேரத்துக்கு வழக்கமான போன் உதவி இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் அவசர உதவி உண்டு, அது வேறு. கேட்கும்போது கொடூரமாகத் தோன்றும். எனக்கு இது அறிவார்ந்த விதியாகப் படுகிறது.

சிபிடியோடு வைத்துப் பார்த்தால்

ஆரோன் பெக் 1960-களில் தொடங்கிய வழி சிபிடி. எண்ணம், உணர்ச்சி, நடத்தை மூன்றும் பின்னிக்கிடக்கின்றன, எண்ணத்தின் பிழையைப் பிடித்தால் மற்றதும் மாறும் என்பது சுருக்கம். டிபிடி அதன் பிள்ளைதான். மனச்சோர்வு, பீதி, சமூக அச்சம், எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) ஆகியவற்றுக்குச் சிபிடிக்கு உள்ள ஆதாரம் வலுவானது. பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வில் முடியும். கற்றவர்கள் அதிகம், தமிழில் நடத்துகிறவர்களும் கிடைப்பார்கள்.

கோபமோ அழுகையோ எப்போதாவது வருகிறது, மற்ற நேரத்தில் உட்கார்ந்து பேச முடிகிறது, வீட்டுப்பாடம் செய்ய முடிகிறது என்றால் சிபிடியில் தொடங்குவதே சரி. டிபிடி என்ற பெயர் புதிதாக இருக்கிறது என்பதற்காக ஓராண்டைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ‘உங்க எண்ணத்துக்கு ஆதாரம் என்ன?’ என்ற கேள்வியையே ‘நீயும் என்னை நம்பலையா?’ என்று கேட்கிறவருக்கு, ஒவ்வொரு வாரமும் புது நெருக்கடியோடு வந்து போன வாரப் பேச்சைத் தொடர முடியாதவருக்கு, சாதாரண சிபிடி பிடி கொடுக்காது. டிபிடியில் எதை முதலில் பேச வேண்டும் என்பதற்கே வரிசை உண்டு. உயிர் முதலில். சிகிச்சையைக் கெடுக்கும் பழக்கங்கள் (தாமதம், வராமல் போவது, பொய்) இரண்டாவது. வாழ்க்கைத் தரம் மூன்றாவது. தினமும் எழுதும் டயரி கார்டில் அந்த வாரத் தூண்டுதல்களும் செய்ததும் செய்யாததும் எண்களாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் அமர்வே தொடங்கும்.

ஸ்கீமா, எம்பிடி

இவை இரண்டையும் நம் ஊரில் கண்டுபிடிப்பதே கடினம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெஃப்ரி யங் உருவாக்கிய ஸ்கீமா சிகிச்சை, குழந்தைப் பருவத்தில் படிந்த ‘நான் விடப்பட்டவன்’, ‘நான் கெட்டவள்’ போன்ற அடி நம்பிக்கைகளைத் தொடுகிறது. நெதர்லாந்தில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில் வாரம் இரு அமர்வு, மூன்று ஆண்டு வரை நடந்தது. பலன் நன்றாகவே இருந்தது. லண்டனில் பேட்மன், ஃபோனகி இருவரும் வளர்த்த எம்பிடி, என் மனதிலும் எதிரில் இருப்பவர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று நிதானமாக ஊகிக்கும் திறனைக் கட்டுகிறது. அவர்களுடைய முதல் ஆய்வில் 18 மாதம் பகல்நேர மருத்துவமனைச் சிகிச்சை. எட்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் தங்கியிருந்தது.

தன்னைக் காயப்படுத்துவது நின்றுவிட்டது, ஆனாலும் உள்ளே வெறுமை, உறவு எல்லாம் ஒரே இடத்தில் உடைகிறது என்பவர்களுக்கு ஸ்கீமா பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். டிபிடி தீயை அணைப்பதில் கெட்டி. ‘நான் யார்’ என்ற கேள்வியில் அவ்வளவு ஆழம் போவதில்லை என்று அதன் ஆதரவாளர்களிலேயே சிலர் ஒப்புக்கொள்வார்கள்.

மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்கென்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எந்த மருந்தையும் அங்கீகரிக்கவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-ல் தந்த வழிகாட்டுதல், அந்தக் கோளாறுக்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது. தன்னைக் காயப்படுத்துவதைக் குறைப்பதே முக்கிய நோக்கமாக உள்ள பெண்களுக்கு முழு டிபிடியைப் பரிசீலிக்கச் சொல்கிறது. மனநிலையைச் சீராக்கும் என்று பரவலாக எழுதப்பட்ட லாமோட்ரிஜினை, பிரிட்டனில் 276 பேரிடம் மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: ஓராண்டில் வித்தியாசம் இல்லை.

ஆனால் மாத்திரை வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். கூடவே கடும் மனச்சோர்வு இருக்கலாம், மனநிலை உச்சத்துக்கும் தாழ்வுக்கும் மாறி மாறிப் போகும் பைபோலார் இருக்கலாம், தூக்கமே இல்லாமல் இருக்கலாம். அவற்றுக்கு மருந்து தேவை. பைபோலாரின் உச்ச நிலையில் இருப்பவரையோ, குரல் கேட்கும் நிலையில் இருப்பவரையோ திறன் வகுப்பில் உட்கார வைப்பது வீண். மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ‘இந்த மாத்திரை எந்தப் பிரச்சினைக்கு, எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் தெரியணும்?’ பதில் சொல்ல முடியாத மாத்திரைகள் சீட்டில் சேர்ந்துகொண்டே போனால் அவரிடமே பேசுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கும் அல்பிரசோலம் வகை மாத்திரைகள் இவர்களில் சிலருக்கு இருக்கும் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும் என்பதால் மருத்துவர்களே தயங்குவார்கள். எந்த மாத்திரையானாலும் ஒரு வாரத்துக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியை வீட்டில் வேறொருவர் பூட்டி வைத்துக்கொள்வது நல்லது.

முழுசா, பாதியா

வாரம் மூன்றரை மணி நேரம், ஐம்பது வாரம் என்றால் 175 மணி நேரம். தனி அமர்வுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அது மட்டுமே ஆண்டுக்கு 75,000. குழு வகுப்பு தனி. அதனால் ‘பாதி போதுமா?’ என்ற கேள்வி கஞ்சத்தனம் ஆகாது.

ஆய்வுகள் இதற்கு நேரடியாகவே பதில் தேடியிருக்கின்றன. 2015-ல் லினஹன் குழு 99 பெண்களை மூன்றாகப் பிரித்தது: முழு டிபிடி, குழு வகுப்பு இல்லாத தனி அமர்வு, தனி அமர்வுக்குப் பதில் சாதாரண வழிகாட்டலோடு திறன் வகுப்பு. தற்கொலை முயற்சி மூன்றிலும் குறைந்தது. தற்கொலை நோக்கமில்லாமல் தன்னைக் காயப்படுத்துவதில், திறன் வகுப்பு இருந்த இரு குழுக்கள் முன்னால் நின்றன. ஆக, ஏதோ ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் வகுப்பை விட்டுவிடாதீர்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கூச்சத்தில் குழுவைத் தவிர்த்துவிட்டுத் தனி அமர்வை மட்டும் வாங்குகிறார்கள். கால அளவுக்கும் ஒரு பதில் உண்டு. கனடாவில் 240 பேரிடம் ஆறு மாத டிபிடியையும் ஓராண்டு டிபிடியையும் ஒப்பிட்டார்கள். 2022-ல் வெளியான முடிவில், காயப்படுத்திக்கொள்வதைக் குறைப்பதில் ஆறு மாதம் பின்தங்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது கனடாவின் டொராண்டோவில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு. 180 பேர். ஒரு பாதிக்கு டிபிடி. மறு பாதிக்கு, இந்தக் கோளாறைப் புரிந்த மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை சீராகப் பார்த்து, மருந்தையும் ஒழுங்காக நிர்வகித்த பொதுச் சிகிச்சை. ஓராண்டில் இரு பக்கமும் தெளிவாகத் தேறின. பெரிய வித்தியாசம் இல்லை. 2006-ல் லினஹனின் ஆய்வில் மட்டும் டிபிடி பெற்றவர்களில் தற்கொலைக்கு முயன்றவர்கள் 23 சதவீதம், அனுபவமுள்ள வேறு நிபுணர்களிடம் போனவர்களில் 46 சதவீதம் என்று பாதிக்குப் பாதி வந்திருந்ததே? இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது: யாரோ ஒரு நல்ல நிபுணர் என்றால் போதாது, கட்டுக்கோப்பான, இந்தப் பிரச்சினைக்கென்றே பயிற்சி பெற்ற, வாரம் தவறாத சிகிச்சை வேண்டும். அதற்கு டிபிடி என்ற பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. முழுக் குழு கிடைக்காத திருநெல்வேலிக்காரருக்கோ யாழ்ப்பாணத்தவருக்கோ இது ஆறுதல் மட்டும் இல்லை, நடைமுறை வழியும்கூட: வாரம் தவறாமல் பார்க்கும் ஒரு மருத்துவர் அல்லது உளவியலாளர், அதோடு இணையவழித் திறன் வகுப்பு.

போர்டில் ‘டிபிடி’ என்று இருந்தால்

இரண்டு நாள் பயிற்சி முடித்துவிட்டு, குளிர்ந்த நீர் வித்தையையும் மூச்சுப் பயிற்சியையும் சொல்லிக்கொடுத்து டிபிடி என்று பெயர் வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. முதல் போனிலேயே கேளுங்கள். தனி அமர்வு தவிர வகுப்பு உண்டா, எந்த மொழியில்? இடையில் நெருக்கடி வந்தால் உங்களைக் கூப்பிடலாமா, எந்த நேரம் வரை? டயரி கார்டு பார்ப்பீர்களா? உங்களுக்கென்று ஆலோசனைக் குழு இருக்கிறதா? ‘இல்லை’ என்று நேராகச் சொல்லி, தன்னிடம் இருப்பதைச் சொல்கிறவரை நம்பலாம். மழுப்புகிறவரிடம் ஓராண்டைக் கொடுக்க வேண்டாம். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

காப்பீடு பற்றியும் ஒரு சொல். மனநல நோயை உடல் நோய்க்குச் சமமாகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் தரும். வாரா வாரம் போய்வரும் அமர்வுக்கு வராது. அதே சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

பிள்ளை வர மறுத்தால்

பதின்வயதுப் பிள்ளைக்கான டிபிடியில் பெற்றோரும் வகுப்பில் உட்கார வேண்டும். 173 பிள்ளைகளிடம் நடந்து 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆறு மாத முடிவில் டிபிடி, ஒப்பிட்ட மற்றச் சிகிச்சையைவிடத் தெளிவாக முன்னால் இருந்தது. ஓராண்டில் இடைவெளி சுருங்கிவிட்டது. அதாவது வேகமாக வேலை செய்கிறது, ஆனால் அது ஒன்றுதான் வழி என்றும் இல்லை.

‘எனக்கு ஒண்ணும் இல்லை, நீங்கதான் போகணும்’ என்று பிள்ளை சொன்னால், கோபப்படாமல் போய்விடுங்கள். டிபிடியை ஒட்டி ஆலன் ஃப்ரஸெட்டி, பெரி ஹாஃப்மன் இருவரும் உருவாக்கிய ‘ஃபேமிலி கனெக்‌ஷன்ஸ்’ என்ற 12 வார வகுப்பு குடும்பத்தாருக்கானது. அதில் முதலில் கற்பது, சம்மதிக்காமலேயே புரிந்துகொண்டதைச் சொல்வது. வகுப்பில் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிவந்து ‘காலேஜை விடப்போறேன்’ என்று கத்தும் மகளிடம் அப்பா ‘பைத்தியக்காரத்தனம் பண்ணாதே’ என்பதற்கும், ‘எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னா யாருக்கும் அங்க போகப் பிடிக்காதுதான்மா. விடுறதைப் பத்தி நாளைக்குப் பேசலாம்’ என்பதற்கும் உள்ள தூரம்தான் பாடம். இரண்டாவது வாக்கியத்தில் அப்பா எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்றிரவே ஆபத்து என்றால் ஒப்பீடு எல்லாம் அப்புறம். அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக விடாதீர்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, சென்னை சினேகாவின் 044-24640050. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926.

எதைத் தேர்ந்தாலும் தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: போன மாதம் எத்தனை முறை காயப்படுத்திக்கொண்டார், எத்தனை நாள் வேலைக்கோ கல்லூரிக்கோ போகவில்லை, எத்தனை இரவு ஒழுங்காகத் தூங்கினார். மூன்று மாதம் கழித்து அதே மூன்றையும் எழுதி, சிகிச்சையாளர் முன் வையுங்கள். இடையில் ஒரு மோசமான வாரம் வரும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆனால் ஆறு மாதத்திலும் எண்கள் அசையவில்லை என்றால், ‘இன்னும் தொடர்வோமா, என்ன மாற்றுவோம்?’ என்று கேளுங்கள். டிபிடியில், இத்தனை மாதம் என்று தொடக்கத்தில் போட்ட சிகிச்சை ஒப்பந்தம் முடியும்போது, முன்னேற்றம் தெரிந்தால்தான் அதைப் புதுப்பிப்பார்கள். அதே கேள்வியை மற்றச் சிகிச்சைகளிலும் நீங்களே கேட்கலாம்.